தேனும் பட்டையும் ஒரு பொய் சொல்லும் இயந்திரமும்

நீங்கள் இப்போது சொன்னீர்களே, தேனும் பட்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று, அதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் பிச்சுமணி. ஓவிய ஆசிரியர். எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு விடுப்பு விண்ணப்பத்தைக்கூட அவர் பிழையில்லாமல் எழுதியதில்லை. அப்படிப்பட்டவர் சொன்னதை நான் எப்படி நம்பினேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சொல்கிறேன்.

கண்ணைத் திறக்காதீர்கள் அம்மா. சொட்டு மருந்து விட்ட பெண் என்ன சொன்னாள்? நாற்பது நிமிடம் மூடியிருக்க வேண்டும் என்றாள். எனக்கும் விட்டிருக்கிறார்கள், நானும் மூடிக்கொண்டுதான் பேசுகிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. குரலை வைத்து அறுபது வயது என்று கணிக்கிறேன். அறுபத்திரண்டா? சரி, இரண்டு மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. அம்பாசமுத்திரம். தமிழாசிரியையாக முப்பத்தொரு ஆண்டுகள், தலைமையாசிரியையாக நான்கு ஆண்டுகள், ஆக முப்பத்தைந்து. ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வு என்று அரசாங்கம் சொல்கிறது. எங்கள் வட்டாரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு மலர் வெளியிடும். அதன் மெய்ப்புத் திருத்துநர் நான். ஏழு மலர்கள் பார்த்தேன். ஏழிலும் ஒரு பிழை கிடையாது. எட்டாவது மலரில்தான் வினை வந்தது.

நாற்பத்தெட்டுப் பக்கத்தில் பதினேழு இடங்களில் எழுத்துக்கு மேலே புள்ளி இல்லை. நான் பார்த்த பக்கங்கள், நான் ஒப்பமிட்ட பக்கங்கள். அச்சகத்தாரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நான் திருத்திய தாள்களையே எடுத்து என் முன்னால் வைத்தார். புள்ளி அங்கும் இல்லை. எனக்குத் தெரியவில்லை. புள்ளி இருப்பதாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது, ஏனென்றால் அங்கே இருக்க வேண்டியது அதுதான். அந்தப் பதினேழையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக் கூட்டத்தில் காட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பிச்சுமணி. வட்டம் மட்டும் நன்றாகப் போட்டிருந்தார். ஓவிய ஆசிரியர் அல்லவா.

அதன் பிறகுதான் கண்ணைக் காட்ட இந்தக் கண் மருத்துவமனைக்கு வந்தேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்தால் புள்ளி என்ன, புள்ளியின் விளிம்பும் தெரியும் என்றார் மருத்துவர். ஆனால் சர்க்கரை இறங்க வேண்டும். வெறும் வயிற்றில் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால்தான் கண்ணில் கை வைப்பேன் என்றார். எனக்கு அப்போது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஒழுங்கா போடுங்கம்மா, ஒரு மாசத்துல இறங்கிடும்" என்றார். என் பேத்தி வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. ஒழுங்கு என்ற சொல்லை என்னிடம் சொல்கிறான்.

சங்கத் தலைவரோ வேறொரு பக்கம் நெருக்கினார். "தை பிறந்ததும் அச்சுக்குப் போகணும் டீச்சர். அதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிட்டா நீங்க பாருங்க. இல்லேன்னா இந்த வருஷம் மட்டும் பிச்சுமணி சார் பார்க்கட்டும்" என்றார். இந்த வருஷம் மட்டும். அப்படித்தான் எல்லாம் தொடங்கும்.

மாத்திரைச் சீட்டை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். மருத்துவரின் கையெழுத்து எறும்பு மையில் நடந்ததுபோல் இருந்தது. என் கண்ணின் குறை என்று முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தேன், அவளுக்கும் புரியவில்லை. வாசிக்க முடியாத ஒன்றை எந்த நம்பிக்கையில் விழுங்குவது? மருந்துக்கடைக்காரர் கொடுத்ததை அரைமனதோடுதான் விழுங்கிவந்தேன். அந்த வாரத்தில்தான் பிச்சுமணி கைப்பேசியில் அந்தச் செய்தியை அனுப்பினார். தேனும் இலவங்கப்பட்டையும் தீர்க்கும் நோய்கள் என்று தலைப்பு. கீழே ஒரு பட்டியல். நீரிழிவு, மாரடைப்பு, மூட்டுவலி, பல்வலி, சளி, உடல் பருமன், வழுக்கை.

எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு நான்கு சொல் வரும் அளவுக்குப் பெரிதாக்கிப் படித்தேன். முப்பத்தேழு பிழைகள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு பகல் உட்கார்ந்து திருத்தினேன். 'சக்கரை வியாதி கட்டுபடும்' என்று இருந்ததை 'நீரிழிவு நோய் கட்டுப்படும்' என்று ஆக்கினேன். வழுக்கையில் முடி முளைக்கும் என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டேன். பிச்சுமணியின் தலையை நான் நேரில் பார்ப்பவள்.

திருத்தி முடித்துப் படித்துப் பார்த்தேன். அம்மா, நம்பமாட்டீர்கள், அது வேறு ஒன்றாகிவிட்டிருந்தது. முன்பு உளறலாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, ஒரு தயக்கமும் இல்லை. இவ்வளவு செம்மையாக இருப்பது எப்படித் தவறாக இருக்க முடியும்? அதன் அடியில் 'மொழிச் செம்மை: தா. மங்கையர்க்கரசி, எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியை (ஓய்வு)' என்று போட்டுச் சங்கத்தின் நூற்று அறுபத்து நான்கு உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன்.

உங்களுக்கு வந்ததிலும் கடைசியில் ஒரு பெயர் இருக்கிறதா? தூத்துக்குடியிலிருந்து உங்கள் மகன் அனுப்பினாரா? பாருங்கள், எவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆம், அந்த மங்கையர்க்கரசி நான்தான். வேண்டாம், எழுந்திருக்காதீர்கள். கண்ணை மூடியபடியே வணங்கினால் போதும்.

பெயரைப் போட்ட பிறகு நானே சாப்பிடாமல் இருக்கலாமா? பட்டைக்கு அண்ணாச்சி கடைக்குப் போனேன். "பிரியாணிக்கா டீச்சர்?" என்றார். நான் எந்தக் காலத்தில் பிரியாணி செய்தேன்? மருந்துக்கு என்றேன். முரட்டுத் தோல்போல் ஒன்றை எடுத்துப் போட்டார். இது வேறு மரம் அண்ணாச்சி, நான் கேட்பது காகிதம்போல் மெலிந்து சுருள் சுருளாக இருக்கும், இலங்கையிலிருந்து வருவது, என்றேன். "அது என்ன விலைன்னு தெரியுமா டீச்சர்? அந்தக் காசுல நீங்க ஒரு காப்பு செஞ்சு கையில மாட்டிக்கிடலாம்" என்றார். சொல்லி வரவழைத்தேன். மருந்தில் சிக்கனம் பார்ப்பவள் அல்ல நான்.

தேனுக்கு மூன்று தேர்வு வைத்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். செய்தித்தாளில் விட்டால் மறுபக்கம் ஊறக்கூடாது. வாசற்படியில் விட்டால் எறும்பு வரக்கூடாது. பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து கொண்டுவந்து விற்பவரிடம் நான்கு புட்டியைத் திருப்பினேன். "இதுக்கு மேல சுத்தம் வேணும்னா நீங்கதான் பூவுல போயி உக்காரணும்" என்று முணுமுணுத்தார் அவர். ஐந்தாவது புட்டி மூன்றிலும் தேறியது. இதைவிடத் தூய்மையான தேனை இந்த மாவட்டத்தில் ஒரு நீரிழிவு நோயாளியும் தின்றிருக்கமாட்டார்.

செய்தியில் ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்று இருந்தது. முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்துத் தேறினால் போதும் என்பவர்களுக்கு எழுதிய அளவு அது. நான் மூன்று வேளையும், வேளைக்கு இரண்டு கரண்டியும் எடுத்தேன். கரண்டியின் தலையைக் கத்தியால் வழித்து, அளவு பிசகாமல் எடுத்தேன். இரண்டு வைத்தியம் ஒன்றோடொன்று மோதக்கூடாது என்று இரவு மாத்திரையை நிறுத்தினேன். பிறகு காலை மாத்திரையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் சிறிய பரிசோதனைக்கூடம். அங்கே இரத்தம் எடுப்பவள் ஆவுடைச்செல்வி. என்னிடம் படித்தவள். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, மூன்றாவது வரிசை, சன்னலோரம். அறிவியலில் தொண்ணூற்றாறு, தமிழில் ஐம்பத்தொன்று. அந்த ஐம்பத்தொன்றும் நான் இரக்கப்பட்டுப் போட்டது.

"இருநூத்தி இருபத்தொண்ணு டீச்சர்" என்றாள்.

எவ்வளவு?

"இருநூத்தி இருபத்தொண்ணு. போன தடவைக்கு ஏறியிருக்கு. ஏதாவது இனிப்பு சாப்பிட்டீங்களா?"

பதினைந்து நாளாகச் சர்க்கரை என்ற பண்டத்தை நாவால் தொடவில்லை, தேன் மட்டும்தான் உண்கிறேன், என்றேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "டீச்சர், தேனும் சர்க்கரைதான்" என்றாள். தேனீ ஏதாவது சர்க்கரை ஆலைக்குப் போய்வருவதை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் கட்டணச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பதில் தெரியாவிட்டால் பள்ளியிலும் இப்படித்தான் புத்தகத்தைப் புரட்டுவாள்.

உன் இயந்திரம் பொய் சொல்கிறது, மறுமதிப்பீடு செய் என்றேன். அதே இரத்தத்தை மறுபடி வைத்தாள். இருநூற்று இருபத்திரண்டு. பார், அதற்கே ஒரு நிலைப்பாடு இல்லை, என்றேன். தவறான விடைக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை. தவறான முடிவுக்குக் கட்டணமும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் கட்டணச் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தாள். 'இரத்தம்' என்பதில் முதல் எழுத்தை விட்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் இருநூற்று நாற்பத்தாறு. அதற்கடுத்து இருநூற்று அறுபத்து மூன்று. இரண்டு முறையும் பணம் தரவில்லை. நோய் உடலைவிட்டு வெளியேறும்போது இரத்தத்தில் அளவு கூடும் என்று எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது. ஆவுடையிடம் சொன்னேன். "அப்படி வெளியேறுறதுன்னா வழி தெரியாம உள்ளேயே சுத்துது டீச்சர்" என்றாள். வாய் நீளம் அவளுக்கு. பள்ளியில் இருந்ததைவிட நீளம்.

இதற்கிடையில் கார்த்திகை மாதக் கூட்டம் வந்தது. பிச்சுமணியை ஒரு மூலையில் நிறுத்திக் கேட்டேன். உங்களுக்கு இந்த மருந்தால் எவ்வளவு இறங்கியது என்றேன். அவர் கையில் ஜிலேபி.

"எந்த மருந்து டீச்சர்?"

தேன், பட்டை. நீங்கள்தானே எனக்கு அனுப்பினீர்கள்.

"ஓ, அதுவா. அதை நான் படிக்கவே இல்லையே டீச்சர். மச்சினன் அனுப்பினான், அப்படியே எல்லாருக்கும் தள்ளிவிட்டேன். அப்புறம் நீங்க திருத்தி அனுப்பினீங்க பாருங்க, அதைத்தான் படிச்சேன். எவ்வளவு சுத்தமான தமிழ். என் வீட்டுக்காரி உடனே ஆரம்பிச்சுட்டா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

நீங்கள்?

"நான் ஊசி போட்டுக்கிடுறேன். இதுல எல்லாம் விளையாட முடியுமா?" என்று சொல்லிவிட்டு ஜிலேபியைக் கடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணு ஆபரேஷன் எப்ப டீச்சர்? தலைவர் மெய்ப்பை என் வீட்டுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டார்" என்றார்.

அன்று கூட்டம் முடியும்வரை நான் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் என் செய்தியை மறுபடி திறந்தேன். நான்கு சொல் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கியும் இரண்டு சொல்தான் தெரிந்தது. மற்ற இரண்டும் புகைபோல் இருந்தன. என் பெயர் தெரிந்தது. அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் தெரிந்தது.

கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? தூங்கிவிடவில்லையே. சரி.

மறுநாள் ஆவுடையிடம் போனேன். இரத்தம் கொடுக்கப் போகவில்லை. அவளுடைய இயந்திரத்தின் மீது உரிமையாளருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கப் போனேன். கண் தெரியாததால் நான் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொன்னேன். வேறு யாரும் அங்கில்லை. அவள் எழுதினாள். தன் இயந்திரத்தைப் பற்றிய புகாரைத் தானே எழுதினாள். நடுவில் பேனாவை நிறுத்தினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக்கூடாது."

சொல்.

"சந்தேகம் வந்தா வாயடிக்காம அகராதியைப் பாருன்னு நீங்கதான் எங்களை விரட்டுவீங்க. எனக்கு அகராதி இந்த மிஷின்தான். ரெண்டு வாரம் தேனைத் தொடாதீங்க. மாத்திரையை டாக்டர் எழுதினபடி ரெண்டு வேளையும் போடுங்க. மிஷின் பொய் சொல்லுதுன்னா அப்பவும் இதே மாதிரி ஏத்தித்தான் காட்டும். அப்ப இந்தப் புகாரை நானே ஓனர்கிட்ட கொடுத்து மிஷினைத் தூக்கிப் போடச் சொல்றேன்."

இறங்கினால்?

"இறங்கினா கண்ணு ஆபரேஷன் டீச்சர். வேற என்ன?"

சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் இத்தனை தர்க்கம் இருந்திருக்கிறது. என் பயிற்சி வீண்போகவில்லை. இயந்திரத்தின் குட்டை உடைப்பதற்காக, அதற்காக மட்டுமே, ஒப்புக்கொண்டேன். இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

தேன் புட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆறாம் நாள் மாலை சாவியைத் தேடினேன். எதற்கு என்று கேட்காதீர்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன். மாத்திரை இரண்டு வேளை, மணிப்படி. இட்லி மூன்றுக்கு மேல் இல்லை. தெருவில் நாலு சுற்று நடை. பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வரும் வாரத்தில் எப்படி இருப்பேனோ அப்படி இருந்தேன்.

பதினைந்தாம் நாள் காலையில் போய்க் கையை நீட்டினேன். ஆவுடை எடுத்தாள், வைத்தாள், காத்திருந்தாள். காகிதம் வந்தது. என்னால் படிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் என் கையில் கொடுத்தாள். நான் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தேன். மூன்று இலக்கம், முதல் இலக்கம் ஒன்று. மற்றதெல்லாம் மங்கல்.

"நூத்தி முப்பத்தெட்டு டீச்சர்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உன் இயந்திரம் தேறிவிட்டது ஆவுடை, என்றேன். "ஆமா டீச்சர், தேறிடுச்சு" என்றாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. புகார்த்தாளை நான்காக மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள். வெளியே வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். படியில் தடுமாறுவேன் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

அவ்வளவுதான். இன்றைக்குத் தேதி கொடுத்தார்கள். இன்று வலது கண், அடுத்த மாதம் இடது. மார்கழி முடிவதற்குள் மலரின் மெய்ப்பை நான்தான் பார்ப்பேன். தலைவரிடம் சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஒன்று சொல்லுங்கள். இந்தத் தேன், பட்டையைத் தொடங்கியபோது நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்களா? பாதியாகக் குறைத்தீர்களா? எத்தனை நாளாக? இன்றைக்கே மறுபடி போடுங்கள். முழுதாகப் போடுங்கள். தேனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். செய்தியில் அப்படி இல்லையே என்றால் என்ன அர்த்தம்? செய்தியை எழுதியவளே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். உங்கள் மகனிடமும் சொல்லுங்கள். நான் இன்னும் ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும், நூற்று அறுபத்து நான்கு பேருக்கும். கண் தெளியட்டும் என்று இருக்கிறேன். பிழையோடு அனுப்பக்கூடாது அல்லவா. இல்லை, இல்லை. தேனின் மீது ஒரு குற்றமும் இல்லை. இருமலுக்கு நல்லது.

இன்று விடியற்காலையில் பேருந்துக்கு வரும் வழியில் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். பழைய முடிவுகளையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுத் தரச் சொல்லியிருந்தேன். ஆவுடை இன்னும் வரவில்லை. உரிமையாளர் இருந்தார். கோப்பைக் கொடுத்துவிட்டு அவராகவே சொன்னார். "நடுவுல உள்ள மூணு பில்லுக்கும் பணம் வந்துட்டுது டீச்சர். ஆவுடை தன் சம்பளத்துல பிடிச்சுக்கிடச் சொல்லிட்டா. டீச்சர் மறந்திருப்பாங்க, கேக்காதீங்கன்னா."

நான் மறப்பேனா? முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மாணவியின் பெயரை மறந்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு பேருந்தை விட்டேன். அவள் ஏழு மணிக்கு வந்தாள், தலையில் ஈரம் சொட்ட. பணத்தை எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும் டீச்சர், மிஷின்தான் அப்ப சரியில்லையே" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. அவள் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு வந்தேன்.

என்ன கேட்டீர்கள்? இயந்திரம் பொய் சொன்ன நாட்களுக்கு நான் ஏன் பணம் கொடுத்தேன் என்றா?

இருங்கள், யாரோ பெயர் கூப்பிடுகிறார்கள். என்னைத்தான். என் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், கண்ணை முழுதாகத் திறக்காமல். எவ்வளவு கொடுத்தேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். ஒரு முறைக்கு எண்பது வீதம், மூன்று முறைக்கும் சேர்த்து, இருநூற்று நாற்பது ரூபாய்.